கிணறு ஆருடையது என்று கேட்ட றோசம்மா ரீச்சர்

செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுப் படலையைத் திறந்தேன். சாவகச்சேரி பஸ் எங்கள் ஒழுங்கை முகப்பில் நின்றது. கொண்டக்டர் இறங்கி ஓடிவந்தார். "ரீச்சர், உடுவிலிலை றோசம்மா ரீச்சர் விடிய மோசம் போயிட்டாவாம். உங்களுக்குச் சொல்லச் சொன்னவை."

அழுதேன். அதை மறைக்கமாட்டேன். ஆனால் உடுவிலுக்குப் போன வழியெல்லாம் அழுகையை இடித்துத் தள்ளிக்கொண்டு சிரிப்பும் வந்தது. பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கும் அவரோடு படிப்பித்தவர்களுக்கும் அந்தச் சிரிப்பு விளங்கும். றோசம்மா ரீச்சரை நினைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் முகத்தைத் தொங்கப் போட்டிருப்பது?

ஆராவது வீடு கட்டக் காணி பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், சனிக்கிழமை குடையோடு அங்கே நிற்பார். கைப்பையில் ஒரு சிறங்கை பருப்பு இருக்கும். எங்கள் தலைமையாசிரியர் ஓர் ஆடி மாதத்தில் காணி ஒன்றைப் பார்த்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரிப் பூரித்துப்போய் நின்றார். "மாரியிலை ஒருக்காப் பாக்காமல் கை நீட்டாதேயுங்கோ" என்று ரீச்சர் தடுத்துவிட்டார். கார்த்திகையில் இருவரும் போய்ப் பார்த்தார்கள். முழங்காலளவு வெள்ளம், அதற்குள்ளே தவளைக் கச்சேரி!

என் கதைக்கு வருகிறேன். உலக யுத்தத்துக்கு முந்திய வருடம். என் கணவர் மலாயாவில். நானும் இரண்டு பிள்ளைகளும் அவருடைய தமையன் வீட்டில் ஓர் அறையில் இருந்தோம். ஆவணியில் தமையன் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் அறையை விடவேண்டும். அப்போதுதான் கந்தப்பர் என்பவர் விற்கவிருந்த காணி கண்ணில் பட்டது. மூன்று மாமரம், மேடான நிலம், வடக்கு வேலியோரம் வட்டக்கட்டுப் போட்ட கிணறு. அன்றைக்கே சிலேட்டில் வீட்டுப்படம் கீறினேன். முதலில் கீறியது எது தெரியுமா? நாலு பக்கமும் ஓட்டையில்லாத வேலி! மற்றவர்கள் முற்றத்தில் ஒதுங்கி வாழ்ந்தவளுக்கு அந்த ஆசை வராதா? வெள்ளிக்கிழமை நொத்தாரிசிடம் காணி உறுதிப்பத்திரம் எழுதுவதாக நாளும் குறித்தாயிற்று.

"தண்ணி பாத்தனீரோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"குடிச்சனான். இளநீர்தான்!"

"குடிச்சா நாக்கு ஏமாத்தும். பருப்பை அவிச்சுப் பாக்க வேணும். உப்புச் சவர்த் தண்ணியிலை பருப்பு அவியாது."

புதன்கிழமை பின்னேரம் போனோம். கிணற்றில் அள்ளிக்கொண்டு, அடுப்புக்காக வடக்கு வேலியில் ஆள் புகும் ஓட்டையாக இருந்த பொட்டால் குனிந்து பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தோம். பொன்னம்மா அக்கா என்ற கைம்பெண் முகம் கோணாமல் அடுப்பைத் தந்தார். பருப்பு பஞ்சாக அவிந்தது. நான் துள்ளிக் குதித்தேன்.

பொன்னம்மா அக்கா பெருமையாகச் சிரித்தார். "அவியாமல்? அப்பு எனக்குச் சீதனமாத் தந்த கிணறெல்லோ!"

ரீச்சர் அகப்பையைக் கீழே வைத்தார். "உங்கடை கிணறோ? அப்ப கந்தப்பர் இவவுக்கு விக்கப்போற காணியிலை நிக்கிற கிணறு?"

"விக்கப்போறாரோ? அண்ணையோ?"

ஐயோ! நான் ரீச்சரின் சேலையை இழுத்து என்ன பயன்? பொன்னம்மா அக்கா அப்படியே ஒழுங்கையில் இறங்கிவிட்டார். கந்தப்பரின் படலையில் நின்று அவர் போட்ட சத்தம் சந்தைவரைக்கும் கேட்டிருக்கும். "கூடப் பிறந்தவள் எனக்கு ஒரு சொல்லுச் சொன்னனியளோ அண்ணை?" எங்கள் தேசவழமைச் சட்டப்படி காணியை வெளியாருக்கு விற்கமுன் உரித்துள்ளவர்களுக்குச் சொல்லவேண்டும். கந்தப்பர் சொல்லவில்லை. அவருடைய உறுதியில் மண்ணும் மரமும் இருந்தன. கிணற்றைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. வெள்ளிக்கிழமை உறுதி எழுதுவது நின்றுபோயிற்று.

"நீங்கள் பருப்பையே அவிச்சனீங்கள்? என்ரை வீட்டையெல்லோ அவிச்சுப் போட்டியள்!" என்று ரீச்சர்மேல் பாய்ந்தேன்.

"வெள்ளிக்கிழமை கையெழுத்து வைச்சுப் போட்டுச் சனிக்கிழமை கிணத்தடிக்குப் போக, அவ வாளியைப் பறிச்சிருந்தா என்ன செய்வீர்?"

அவர் சொன்னது சரி என்று தெரிந்ததில் கோபம் இன்னும் கூடிற்று. ஒன்பது நாள் அவரோடு கதைக்கவில்லை. பத்தாம் நாள் கல்யாணத்துக்கு வந்த நெல்மூட்டைகளை எங்கள் அறைக்குள் அடுக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகளின் பாய் மூலைக்குப் போயிற்று. வெட்கத்தை விட்டு ரீச்சரிடம் ஓடினேன். அவர் உடனே குடையை எடுத்தார்.

வழியில் சொன்னார்: "உறுதியிலை எல்லை எண்டு எழுதியிருக்கிறது நாலு ஆக்களின்ரை பேர். அந்த நாலு பேரோடையும் கதைக்காமல் காணி பாத்தன் எண்டு சொல்லாதேயும்."

நான் கிழக்கு, மேற்கு, தெற்கு என்று மூன்று வீட்டுக்கும் போய்க் கதைத்தேன். கடைசியில் பொன்னம்மா அக்காவின் முன்னால் போய் நின்றேன். வாங்கவும் விற்கவும் ஆயிரம் கதை ஆயத்தப்படுத்தியிருந்தேன். எல்லாம் மறந்துபோயிற்று. "அக்கா, உங்களுக்குப் பக்கத்திலை நாங்கள் வந்து இருக்கலாமோ?" என்பதுதான் வந்தது.

அவர் என் கையைப் பிடித்துத் திண்ணையில் இருத்தினார். "எனக்குக் காணி வேண்டாம் பிள்ளை. ஒருத்தரும் கேக்கேல்லை எண்டதுதான் எனக்குக் கவலை. நீ கேட்டிட்டாய். கிணத்திலை அரைவாசி எழுதித் தாறன். ஆனால் அந்தப் பொட்டை அடைக்கக் கூடாது, ஓமோ?"

"ஓம் அக்கா, ஓம்!" வீட்டுக்கு வந்து சிலேட்டில் வடக்கு வேலியை விரலால் அழித்தேன்.

உறுதி எழுதும் நாளில் சாட்சிக்கு ரீச்சரை இழுத்துக்கொண்டு போனேன். நொத்தாரிசு அவருடைய வதிவிடத்தைக் கேட்டார். எத்தனையோ பேரின் காணியை அளந்த மனுஷி முதன்முறையாகத் தடுமாறினார். உடுவிலில் தம்பி வீடு, பள்ளிக்கூட நாளில் விடுதியில் ஒரு கட்டில், அவ்வளவுதான் அவருக்கு. அது அன்றைக்குத்தான் என் மண்டையில் உறைத்தது.

"எங்கடை வீடு எண்டு எழுதுங்கோ" என்றேன்.

"எந்த வீடு? இன்னும் அத்திவாரமே வெட்டேல்லையே!" நொத்தாரிசு வயிறு குலுங்கச் சிரித்தார்.

ரீச்சர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உடுவில் எண்டே எழுதுங்கோ" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

வீடு எழும்பியபோது தெற்குப் பக்கம் அவருக்காக ஓர் அறை கட்டினேன். "வாறன், வாறன்" என்பார். வருவார், பருப்புக்கறியோடு சோறு சாப்பிடுவார், பின்னேர பஸ்ஸுக்குக் குடையை எடுத்துவிடுவார். ஒரு நாள்கூட அங்கே தங்கவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் கோபம்.

செத்தவீட்டால் வந்து பெட்டகத்தைத் திறந்து உறுதியை எடுத்தேன். கடைசித் தாளில் அவருடைய கையெழுத்து, கணக்கு விடை மாதிரி நேராக நிற்கிறது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுதான். தாளை மடித்துப் பெட்டகத்தில் வைக்க மனம் வரவில்லை. தெற்கு அறையைக் கூட்டி, கட்டிலில் புதுப்பாய் விரித்து, அந்த உறுதியைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.