சுங்கானுக்கு வளைந்த சுரைக்காய்

சுரைக்காயை நேராக வளர்க்க மழையும் மாட்டெருவும் போதும். வளைத்து வளர்க்கத்தான் பொறுமை, கல்லு, மாமியின் சம்மதம் எல்லாம் வேண்டும்.

வீட்டுத்தோட்டம் வைத்திருக்கிற அக்காமாரே, தங்கச்சிமாரே, ஆடு கொடியின் நுனியைத் தின்றதும் கோழி பாத்தியைக் கிளறினதும் உங்களுக்கும் நடந்திருக்கும். என்ர பாடு அதிலும் ஒரு படி கூட. விடத்தல்தீவில் சுங்கான் என்கிற புகைக்குழாய் பத்துகிற ஆக்களுக்கென்று சுரைக்காயை வளைத்துக் கொடுக்கிறவள் நான் ஒருத்திதான். ஆக்களோடு கதைக்கக் கூச்சப்பட்டுத்தான் தோட்டத்துக்குள் ஒதுங்கினனான். அது என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேளுங்கோ.

கழுத்து மட்டும்

என்ர மனுசன், இவர், நண்டுத் தொழில். மன்னார் டவுனிலிருந்து ஒரு ஐயா ஞாயிறு பூசை முடிய நண்டு வாங்க வருவார். அந்தக் காலத்தில் கப்பலில் வேலை செய்தவர் என்றபடியால் எங்கட வீட்டில் அவருக்குக் கப்பல் ஐயா என்றுதான் பேர். வாயில் எந்த நேரமும் சுங்கான். அது மரத்தில் செய்தது இல்லை. காய்ந்த சுரைக்காயின் வளைந்த கழுத்து. அதன் அகலமான பக்கத்தில் வெள்ளைக் கல்லில் கடைந்த ஒரு கிண்ணி, ஒடுங்கின பக்கத்தில் வாயில் வைக்கிற குழல். சுரைக்காய்க்குள் சுற்றி வருகிற புகை குளிர்ந்து வருமாம்.

ஒருநாள் நண்டைக் கையில் பிடித்தபடி எங்கட வேலியோரச் சுரைக்கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கதவுச் சேலைக்குப் பின்னால் நின்று, "ஐயாவுக்கு ஒரு காய் பிடுங்கித் தரட்டோ?" என்று கேட்டேன். எனக்கு அதுவே பெரிய கதை. அவர் சேலையைப் பார்த்துச் சொன்னார்:

"காய் வேண்டாம் பிள்ளை, எனக்கு அதின்ர கழுத்துத்தான் வேணும்."

காலமை வளைத்தால்

கொடியை நிலத்தில் படரவிட வேண்டும். காய் பிஞ்சாக இருக்கும்போதே ஒரு பலகையில் கிடத்தி, கழுத்துக்கு ஒரு பக்கம் கல் வைத்து, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும். கப்பல் ஐயா சொல்லித் தந்தது இவ்வளவுதான். நான் விடிய எழும்பி, முற்றம் கூட்டிவிட்டு, நல்ல குளிர்ச்சியில் போய் முதல் காயைப் பிடித்தேன். டக். இரண்டாவது காய். டக். காலமைக் காய்க்குள் தண்ணீர் நிறைந்து விறைத்து நிற்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

முறிந்த காயை எறிய மாமி விடுவாவோ? சுரைக்காய்ப் பால்கறி, சுரைக்காய் வறை, கூனி இறால் போட்ட சுரைக்காய், சுரைக்காய்ச் சொதி. பிறகு ஒருநாள் மகள் மத்தியானம் நித்திரையாகின நேரம்தான் எனக்குக் கை ஓய்ந்தது. அந்தக் கொதி வெயிலுக்குள் போய்ப் பிடித்தால், கழுத்து வாடித் துவண்டு, சொன்ன பக்கம் வளைந்தது. வளைந்த சந்தோசத்தில் ஓடிவந்து இவருக்குச் சொன்னேன். இவர் கோப்பையில் கிடந்த கறியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அந்த ஐயாவுக்குக் கழுத்தெண்டா, மிச்ச உடம்பு முழுக்க நான்தானோ தின்ன வேணும்?"

பிலோமினா அக்கா செய்த உதவி

சுரைக்காய்ச் சுங்கான் வைத்திருக்கிறவர்கள் வருசத்துக்கு ஒருநாள் ஓரிடத்தில் கூடிச் சேர்ந்து பத்துவார்களாம். சுங்கான் நாள் என்று பேர். ஒருமுறை கொழும்பு ஹோட்டலில், ஒருமுறை மலைநாட்டு பங்களாவில். இந்த முறை சுரைக்காய் முளைக்கிற வளவிலேயே வைப்போம் என்று கப்பல் ஐயா சொல்லிவிட்டார். எங்கட வளவில்! எங்கட காயில் செய்த சுங்கானை அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் பத்திக் காட்டுவார். சரிவந்தால் எல்லாரும் என்னிடம் காய் எடுப்பார்கள். மாமியும் தன் கட்டளையைச் சொல்லிவிட்டா: சரிவராவிட்டால் கொடியைப் பிடுங்கிவிட்டு வேலியோரம் முழுக்கப் பயிற்றங்காய். விதையும் வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்தாச்சு. நிலம் அவவின் சீதனம், நான் என்னத்தைச் சொல்ல?

காய்கள் வடிவாக வளைந்து வந்த நேரம் மடு மாதா கோயில் திருவிழா வந்தது. குடும்பத்தோடு போய்த் தங்கினோம். கோழிக்கும் கொடிக்கும் தண்ணீர் வைக்கச் சொல்லிப் பக்கத்து வளவுப் பிலோமினா அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன். நல்ல மனிசி. கேட்டதைவிடக் கூடச் செய்வா. நாங்கள் திரும்பி வந்து பார்த்தால், கல்லைக் காணவில்லை, பலகையைக் காணவில்லை. கொடி முழுக்க வேலியில் தூக்கிக் கட்டியிருந்தது. வளைத்த பிஞ்சு எல்லாம் நிமிர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்ற மாதிரி நேராகத் தொங்கின. பிலோமினா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னா:

"ஆரோ குழப்படிப் பிள்ளையள் கல்லு வைச்சு எல்லாத்தையும் கூனாக்கிப் போட்டுதுகள், நான்தான் நிமித்தி விட்டனான்."

வேலிக்கு அங்கால்

புதுக் காய் முற்றிக் காய நாள் இல்லை. இவர் கப்பல் ஐயாவுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லுவம் என்றார். நான், "இண்டைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லுவம்" என்று இழுத்துக்கொண்டிருந்தேன். மாமி விதைப் பையை அலுமாரிக்கு மேலிருந்து எடுத்து மேசையில் வைத்தா.

அடுத்த நாள் தேங்காய் துருவுகிற திருவலை இரவல் கேட்கப் பிலோமினா அக்காவின் குசினிக்குப் போனேன். அடுப்புக்கு மேல் கூரை வளையில் ஒரு சுரைக்காய் தொங்குகிறது. காய்ந்து, புகை பிடித்து, மண்ணிறத்தில். கழுத்து? கப்பல் ஐயாவின் சுங்கான் மாதிரியே வளைவு! எங்கட கொடியில் ஒரு கிளை எப்போதோ வேலியால் நுழைந்து அங்கால் போயிருக்கிறது. அந்தக் காய் பூவரச மரத்துக்கும் வேலிக் கதியாலுக்கும் இடையில் அகப்பட்டுத் தானாக வளைந்திருக்கிறது. "கோணல் காய், கறிக்குச் சீவேலாது. அதுதான் விதைக்கு விட்டனான்" என்றா அக்கா.

எங்கட ஊரில் வேலிக்கு அங்கால் காய்த்தால் அங்கால் வீட்டுக்குச் சொந்தம். அதில் பேச்சில்லை. எனக்குக் கேட்கவும் கூச்சம், கேட்காமல் வரவும் ஏலாது. திருவலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒருமாதிரி எல்லாத்தையும் சொல்லி முடித்தேன். தான் நிமிர்த்தினது என்னத்தை என்று விளங்கினதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டா. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னா:

"கழுத்தைக் கொண்டு போ. விதை எனக்கு, அண்டைக்கு முன் கதிரையும் எனக்கு."

சோளகமும் வெங்காயமும்

சுங்கான் நாளன்று வாகனங்கள் வந்து ஒழுங்கையை அடைத்தன. சேட்டைக் களிசானுக்குள் விட்டு, மடிப்புக் குலையாமல் வந்த பெரிய மனிசர். எல்லாரின் கையிலும் வளைந்த சுரைக்காய். கப்பல் ஐயாவின் கையில், அக்கா தந்த கழுத்தில் கிண்ணியும் குழலும் பூட்டின எங்கட சுங்கான். நான் குசினிக்குள் ஒளித்துவிட்டேன். முன் கதிரையில் பிலோமினா அக்கா, கலியாண வீட்டுச் சேலையோடு.

அவர்களுக்குள் ஒரு போட்டி இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே அளவு புகையிலை. ஆர் அணையாமல் கடைசிவரைக்கும் பத்துகிறாரோ அவர்தான் வெற்றி. முற்றத்தில் கதிரை போட்டு, நெருப்புக்குச்சி தட்டினார்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று விட்டால்தானே! ஒருத்தர் தொப்பியால் மறைத்தார். ஒருத்தர் சேட்டுக்குள் தலையை விட்டார். யாழ்ப்பாணத்துப் பல் டொக்டர் எங்கட ஆட்டுக்கொட்டிலுக்குள் போய்ப் பார்த்தார். ஆடு அவருடைய புகையிலைப் பையைச் சப்பத் தொடங்க, வெளியே ஓடி வந்தார். கடைசியில் மாமி கத்தினா: "காத்தில்லாத இடம் குசினிதான். எல்லாரும் உள்ள வாங்கோ!"

நான் ஒளித்த இடத்துக்கே எல்லாரும் வந்தால் நான் எங்கே போக? சப்பாத்தைக் கழற்றிவிட்டு உரலிலும் பலகையிலும் அரிசி மூட்டையிலும் குந்தினார்கள். மகள் நல்ல காலம் ஹோலில் ஏணைத் தொட்டிலில் நித்திரை. மாமி சும்மா இருக்க விடுவாவோ? "குசினிக்குள்ள வந்த ஆள் கை மடிச்சு இருக்கப்படாது" என்று ஆளுக்கு ஒரு பிடி சின்ன வெங்காயம் கொடுத்தா. வாயில் சுங்கான், மடியில் வெங்காயம். அவர்கள் உரித்த வடிவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்து, கூச்சம் எங்கேயோ போய்விட்டது. புகையில் கேக் வேகிற மணம். மார்கழி நத்தார்ப் பண்டிகை வந்துவிட்டதோ என்று அயல் பிள்ளைகள் வேலியால் எட்டிப் பார்த்தார்கள்.

பல் டொக்டர் மட்டும் எங்கட சுங்கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊர்ச் சுரைக்காய், சூட்டுக்கு வெடிக்கும்" என்றார். மாமி என்னைப் பார்த்தா. நான் நண்டுச் சட்டியைப் பார்த்தேன். கப்பல் ஐயா பத்திக்கொண்டே இருந்தார். ஒரு சுங்கான் அணைந்தது. பிறகு இன்னொன்று. டொக்டருடையதும் அணைந்தது. வெங்காயம் எல்லாம் உரித்து முடிந்தும் கப்பல் ஐயாவின் கிண்ணியில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு. டொக்டர் அதை வாங்கி ஒரு இழுவை இழுத்துப் பார்த்தார். கண்ணை மூடினார். "எப்பிடி இவ்வளவு குளிர்ச்சியா வருது?" என்று அவர் கேட்க, நான் வாய் திறக்க முதல், முன் கதிரையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்திருந்த பிலோமினா அக்கா சொன்னா:

"என்ர அடுப்புக்கு மேல கிடந்து புகைக்குப் பழகின பிள்ளையல்லோ அது!"

அடுத்த நாள் விடிய

எல்லாரும் நண்டுக்கறி தின்று, ஆளுக்கொரு காய் வேண்டுமென்று சொல்லிவிட்டுப் போனார்கள். டொக்டர் இரண்டு சொன்னார். பயிற்றங்காய் விதைப் பை மேசையில் இல்லை. மாமி அதைப் பிலோமினா அக்காவுக்குக் கொடுத்துவிட்டாவாம்.

விடிய, மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தோட்டப் பக்கம் "டக்" என்று ஒரு சத்தம். எனக்கு நல்லாப் பழகின சத்தம். பிள்ளையோடு ஓடிப்போய்ப் பார்த்தால், கொடிக்குப் பக்கத்தில் மாமி குந்தியிருக்கிறா. ஒரு கையில் கழுத்து, மற்றக் கையில் காய். பக்கத்தில் ஆரும் பார்க்காமல் அடுக்கி வைத்த கல். என்னைக் கண்டதும் இரண்டையும் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சொன்னா:

"இது முந்தியே முறிஞ்சுதான் பிள்ளை கிடந்தது."

ஆகவே என்னைப் போல இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற தங்கச்சிமாரே, புகை பத்துகிறவருக்கு, மணம் அயலுக்கு, வீட்டுக்காரருக்கு எந்த நாளும் சுரைக்காய்க் கறி.