பென்சில் குறி இருந்த இடத்தில் என் கணவரின் கையெழுத்து

என் கணவரைப் பொய்யர் ஆக்கியது நீங்கள்தான். ஊர் உங்களை ஆடிட்டர் என்று கூப்பிடுகிறது. அதற்கான பரீட்சையை எழுதினீர்களா என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லோருக்கும் நீங்கள்தான் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கிறீர்கள். அதனால் நானும் வந்தேன். கல்யாணம் ஆனதும் அவரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். அது என் தப்பு.

அவர் இலங்கைக்காரர். நாலு வயதில் படகில் வந்து, சாத்தூர்ப் பக்கம் ஒரு அகதி முகாமில் வளர்ந்தவர். முறைப்படி அனுமதி வாங்கி முகாமை விட்டு வெளியே வந்து, திருத்தங்கலில் என் அம்மா வீட்டில் என்னோடு இருக்கிறார். பட்டாசுப் பெட்டிக்கான அட்டையை வெட்டிக் கொடுக்கும் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். ஆர்டர் கொடுத்த கம்பெனி, பான் கார்டு இல்லாவிட்டால் கூலியில் இருபது சதவீதத்தை வரியாகப் பிடித்துவிடுவோம் என்றது. அதற்காகத்தான் உங்கள் படியேறினோம்.

ஜூலை மாதம். பெஞ்சு நிறைய ஆட்கள். உங்கள் வேலை நடக்கும் முறை சிவகாசியில் எல்லோருக்கும் தெரியும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பீர்கள். வருகிறவர் குறி இருக்கும் இடத்திலெல்லாம் போட்டுவிட்டுப் போவார். மீதியை நீங்கள் பிறகு நிரப்புவீர்கள். முதலாளியும் அப்படித்தான் போடுகிறார், மெஷின் ஓட்டுகிறவரும் அப்படித்தான் போடுகிறார்.

"மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?" என்று கேட்டீர்கள்.

"இலங்கை, மன்னார். வளர்ந்தது முகாமிலை," என்றார். அகதி அடையாள அட்டையை எடுத்து உங்கள் மேசைமேல் வைத்தார். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பிறகு ஒரு விரலால் தள்ளினீர்கள்.

"இத உள்ள வைங்க. இதெல்லாம் காட்டுனா இழுத்துக்கிட்டே கெடக்கும். ஆதார் இருக்குல்ல, அது போதும். இப்ப எங்கன இருக்கீக?"

"இவவின்ரை வீட்டிலை."

"அப்பச் சரி, வீட்டோட மாப்பிள்ளை. வீட்டோட மாப்பிள்ளைக்கு மாமனார் ஊருதான் ஊரு, மாமனார் நாடுதான் நாடு. என்ன டீச்சர்?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. படிவத்தைக் கையில் எடுத்து, குனிந்து என்னிடம், "இஞ்சேரும், இதிலை ஒண்டும் எழுதேல்லையே. நான் ஒருக்கா வாசிச்சுப் பாக்கட்டே?" என்றார். முகாமில் வளர்ந்தவர்கள் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார்கள். மாதாமாதம் அதிகாரி முன்னால் நின்று கையெழுத்துப் போட்டு வளர்ந்த கை அது.

பின்னால் இருந்து ஒருவர், "பரீட்சையா எழுதப் போறாரு? வெரசாப் போடச் சொல்லுங்க டீச்சர், எனக்கு அங்கன லோடு நிக்குது," என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஊரே போடுது. போடுங்க," என்றேன். போட்டார்.

அந்தப் படிவத்தின் உச்சியிலேயே, இந்தியக் குடிமக்களுக்கானது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. வெளிநாட்டவருக்கு வேறு படிவம் உண்டு. இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் அவர் வாசித்திருப்பார்.

அதற்குப் பிறகு வருடம் தவறாமல் ஜூலையில் வந்தோம். என் கணக்கு, பிறகு அவர் கணக்கு. ஒருமுறை, வருடத்தில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தார் என்று நீங்கள் கேட்டபோது, "எல்லா நாளும்தான். மதுரைக்கு ஒரு கலியாணத்துக்குப் போகவே அனுமதி கேட்ட ஆள் நான்," என்றார். அதற்கும் சிரித்தீர்கள். ஒரு வருடம்கூட அவர் வரியைத் தவறவிட்டதில்லை.

போன மாதம் அவருடைய குடியுரிமை மனு விசாரணைக்கு வந்தது. வக்கீலைப் பார்த்து, காகிதம் சேர்த்து, பல வருடம் அலைந்து கிடைத்த நாள். விருதுநகரில் அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். பான் கார்டுக்குக் கொடுத்த படிவத்தின் நகலை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்கதான் ஏற்கனவே இந்தியரா இருக்கீகளே. அப்புறம் எதுக்கு மனு?"

அவர் நக்கலாகத்தான் கேட்டார். அடுத்துச் சொன்னதில் நக்கல் இல்லை. "பொய்த் தகவல் குடுத்து கார்டு வாங்கியிருக்காருன்னு நான் எழுத வேண்டி வரும்மா." என் கணவர் அகதி அட்டையைத் தன்னிடம் காட்டினார் என்று படிவத்தை நிரப்பியவர் எழுதிக் கொடுத்தால், அதையும் சேர்த்து மேலே அனுப்புவேன் என்றார். ஒரு மாதம் தவணை கொடுத்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது என் கணவர் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் உங்களிடம் வந்தேன். ஒரு கடிதம் கேட்டேன்.

"எந்த அட்டை டீச்சர்? நான் பாக்கலையே. எம்புட்டுப் பேரு வாராக, எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கிட முடியுமா?"

"நீங்கதானே உள்ள வைக்கச் சொன்னீக?"

"கையெழுத்து ஒங்க வீட்டுக்காரரோடது. படிச்சுப் பாத்துல்ல போட்டிருக்கணும்? வேணும்னா புதுப் படிவம் போட்டுத் திருத்தித் தாரேன். காசு ஒண்ணும் வேண்டாம்."

திருத்தினால் இனிமேல் வரும் கார்டு திருந்தும். அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்போகும் 'பொய்த் தகவல்' திருந்தாது. அதை நான் கத்திச் சொன்னேன். நீங்கள் பெஞ்சைப் பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசுங்க டீச்சர், ஆளுக இருக்காக," என்றீர்கள். நானும் குரலைத் தணித்தேன். தெருவுக்கு வந்த பிறகுதான் என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. ஆட்கள் இருக்கும்போது சிரிக்க வைத்தீர்கள். ஆட்கள் இருக்கும்போது நான் ஏன் மெதுவாகப் பேச வேண்டும்?

ஆகவே இனி மெதுவாகப் பேசுவதாக இல்லை. அடுத்த வாரம் வரித் தாக்கல் பற்றி விளக்கம் சொல்ல எங்கள் பள்ளிக்கு வருகிறீர்கள். எல்லா டீச்சர்களும் இருப்பார்கள், அவர் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு டீச்சர்களும் அதில் இருப்பார்கள். நான் எழுந்து நின்று கேட்பேன். இப்போதே கேள்வியை எழுதிவிடுகிறேன், யோசித்துவிட்டு வாருங்கள். அவர் அந்த அட்டையை உங்கள் மேசைமேல் வைத்தாரா, இல்லையா? இந்தியர் என்று அந்தப் படிவத்தை நிரப்பிய கை யாருடையது? என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள்.