பிங்கியும் டிங்கியும்: ஜெயஸ்ரீயின் கேள்வி

ஜெயஸ்ரீ போய்விட்டாள் என்று அவள் தம்பி மயிலாப்பூரிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, "எப்படி?" என்று மட்டும்தான் என்னால் கேட்க முடிந்தது. அவளாக இருந்தால் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

அடையாறில், குழந்தைகளின் பேச்சை ஆராயும் சிறிய மையமொன்றில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். ஒருநாள் ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து செல்வி என்ற பெண், ஒன்றேகால் வயது மகள் மீனாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வூட்ல ரெண்டு நாய்க்குட்டி கீது மேடம். ஒண்ணு பிங்கி, ஒண்ணு டிங்கி. எந்தப் பேரச் சொன்னாலும் கொயந்த ரெண்டையும் பாக்குது. கொயந்த செவுடுன்னு மாமியாரு சொல்லிக்கினு கீது." அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

ஜெயஸ்ரீ இரண்டு பொம்மைகளுக்கு பிம், டிம் என்று பெயர் வைத்து, காட்டிக் காட்டிச் சொன்னாள். பிறகு பிம்மைக் காட்டி டிம் என்று பெயர்களை மாற்றிச் சொன்னாள். மீனா அந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. செல்வியின் முகம் வாடிவிட்டது. உடனே ஜெயஸ்ரீ பொம்மைகளை ஒளித்துவிட்டு, பதிவுநாடாவில் 'பிம், பிம், பிம்' என்று வெறும் ஒலியை ஓடவிட்டாள். குழந்தை சலித்துப்போய்த் தரையைப் பார்த்தது. 'டிம்' என்று வந்ததும் சட்டென்று நிமிர்ந்தது.

"பாத்தீங்களா? காது நல்லா கேக்குது. ஆனா பேரையும் பொருளையும் சேத்துப் புடிக்கறதே இந்த வயசுக்குப் பெரிய வேலை. அந்த அவசரத்துல சின்ன வித்தியாசம் நழுவிடுது. இப்போதைக்கு ஒரு நாய்க்கு வேற பேர் வையுங்க."

அவர்கள் போனதும், "நிஜமாவே அதுதான் காரணமா?" என்று கேட்டேன்.

"நேக்கும் முழுசாத் தெரியாதுடி. மீனாவையே மறுபடி கேப்போம்."

சில வாரம் கழித்துச் செல்வி சிரித்துக்கொண்டே வந்தாள். டிங்கி இப்போது ராஜா. "ராஜா எங்கன்னா கரீக்டா கை காட்டுது மேடம். மாமியாரு வாயே தொறக்கல!"

ஜெயஸ்ரீக்கு அது போதவில்லை. மீனா நன்றாகப் பேசத் தொடங்கிய பிறகு மறுபடியும் வரவழைத்து, அதே பெயர்களைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிம்மை டிம் என்றாள். குழந்தை பொம்மையைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, பலமாகத் தலையாட்டி மறுத்தது. ஜெயஸ்ரீ கைதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நடுவுல என்னடி நடந்தது இவளுக்குள்ள?"

அதற்குப் பதில் கிடைக்காமலே போய்விட்டாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு: எந்தக் குழந்தையிடமும், அது தன் முகத்தைப் பார்க்கும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்தக் காத்திருப்பை நான் எடுத்துக்கொண்டேன். இப்போது பெரியவர்களிடமும் அப்படித்தான் பேசத் தொடங்குகிறேன்.