காயில்தான் என்றார் கராமா

எங்கள் ஊர் சேயூனில் பைக் பாதி வழியில் நின்றுபோனால் ஆட்கள் முதலில் அதை உதைப்பார்கள், பிறகு திட்டுவார்கள், கடைசியில் தள்ளிக்கொண்டு கராமா பாஜுபைரின் பட்டறைக்கு வருவார்கள். அவர் பட்டறைக்கும் என் டீக்கடைக்கும் நடுவில் ஒரே மண்சுவர்தான். அவர் கோளாறு பார்க்கும் அழகை நான் வருஷக்கணக்காகப் பார்த்துவருகிறேன். அவசரமே கிடையாது. பேட்டரி, ஃபியூஸ், சாவி போடுகிற இடம், பிளக் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு வருவார். நடுவில் வண்டிக்காரன் வாய் திறந்தால், "நீ பாக்குறியா, நான் பாக்கட்டுமா?" என்று ஒரு கடி. அவர் சொல்லிவிட்டால் ஊரில் மறுபேச்சு கிடையாது. அதுதான் அவருக்கு வந்த கேடு.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. திருட்டுக்குப் பயந்தவர்களுக்கு வண்டியில் ரகசிய சுவிட்ச் வைத்துக் கொடுப்பார். அதைத் தட்டி வைத்தால் சாவி போட்டாலும் வண்டி கிளம்பாது. சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது சொந்தக்காரருக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். "மூணாவது ஆளுக்குத் தெரிஞ்சா அது சுவிட்ச் இல்ல, காலிங் பெல்" என்பார். வண்டி வாசலைத் தாண்டியதும் தானும் மறந்துவிட வேண்டும் என்று ஒரு வைராக்கியம் வேறு. மறக்கவும் செய்தார், அதுவும் பெருமையாக.

எங்கள் பைக் சந்தையில் தரகர்கள் விவரமானவர்கள். "இரும்புக் குவியலா விக்கிறேன், அப்புறம் என்னை வந்து கேக்காதே" என்று சொல்லித்தான் வண்டியையே கூவுவார்கள். யெஸ்லம் ஒருவர்தான், தான் ஓட்டிப் பார்த்த வண்டி என்றால், "எனக்குத் தெரிஞ்சு இதுல குறை இல்லை, அல்லாஹ் மேல ஆணை" என்று நடுச்சந்தையில் சொல்லி விற்பார். அந்தச் சத்தியம்தான் அவருடைய வியாபாரத்துக்கு முதல். அப்படி அவர் விற்ற ஒரு பழைய சிவப்பு வண்டியை ஃபரஜ் வாங்கினான்.

ஃபரஜ் பேரீச்சந்தோட்டத்தில் வேலை செய்பவன். ஒரு காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"ஓடிக்கிட்டே இருக்கு, திடீர்னு செத்துடுது அண்ணே. லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, இன்ஜின் மட்டும் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு உதைச்சா ஒண்ணும் தெரியாத மாதிரி கிளம்புது."

கராமா உதைத்தார். முதல் உதையிலேயே கிளம்பியது. பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்துப் பார்த்தார், ஸ்பார்க் நன்றாகவே வந்தது. தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு வந்தார், நிற்கவில்லை. மதியத்துக்குள் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை. கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியவில்லை என்று சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வராது.

சீட்டையும் டேங்கையும் கழற்றினார். உள்ளே, பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் காயிலில் ஒரு கீறல் இருந்தது. யாரோ பசை வைத்து அடைத்து, மேலே கறுப்பு மை பூசியிருந்தார்கள். கராமா முகம் மலர்ந்துவிட்டது. வேறு காயில் போட்டு எல்லாவற்றையும் மாட்டினார். ஃபரஜை ஏற்றி அனுப்பிப் பார்த்தார். வண்டி ஊரையே சுற்றி வந்தது.

"காயில்தான்" என்றார் எல்லார் முன்னாலும். "வெடிச்சதைப் பசை போட்டு மறைச்சிருக்காங்க."

"யெஸ்லம் சத்தியம் பண்ணித்தானே வித்தார்!" என்றான் ஃபரஜ்.

"பண்ணான். தெரிஞ்சேதான் பண்ணான்."

அந்தக் கடைசி வார்த்தையை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

சாயங்காலத் தொழுகைக்குள் சந்தை முழுக்கப் பரவிவிட்டது. யெஸ்லம் பட்டறை வாசலில் வந்து நின்றார். "நான் அந்தக் காயிலைக் கண்ணால பாத்ததே இல்ல, கராமா."

கராமா அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "அப்ப இது வானத்துல இருந்தா விழுந்துச்சு?"

யெஸ்லம் திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு யாரும் அவரிடம் வண்டியைக் கொடுத்துக் கூவச் சொல்லவில்லை. சில வாரம் சந்தையில் சும்மா நின்று பார்த்தார். அப்புறம் வருவதையே விட்டுவிட்டார்.

பேரீச்சம்பழம் பறிக்கும் நாட்களில் ஃபரஜ் மறுபடி தள்ளிக்கொண்டு வந்தான். கூடவே மூச்சிரைக்க அவன் அண்ணன் முபாரக் நடந்து வந்தான். ஆள் அரிசி மூட்டை மாதிரி இருப்பான். "புதுக் காயிலும் போச்சா அண்ணே?" என்றான் ஃபரஜ்.

கராமா உதைத்தார், கிளம்பியது. நடந்து களைத்த முபாரக், ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பின்சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தான். இன்ஜின் செத்தது. எழுந்தான், உதைத்தார், கிளம்பியது. உட்கார்ந்தான், செத்தது.

"முபாரக்கத்தான் சுவிட்சா வச்சிருக்கானுங்க!" என்று நான் கத்த, கடையே சிரித்தது. கராமா சிரிக்கவில்லை.

சீட்டைத் தூக்கிவிட்டு அடியில் கையை விட்டுத் தடவினார். ஒரு மெல்லிய ஒயர் தோலுரிந்து சட்டத்தோடு ஒட்டிக் கிடந்தது. பின்சீட்டில் பாரம் விழுந்தால் அது இரும்பில் பட்டு ஸ்பார்க்கைத் தின்றுவிடும். தனி ஆள் ஓட்டினால் நிற்காது. யெஸ்லம் எப்போதும் தனியாகத்தான் ஓட்டுவார். ஃபரஜ் அண்ணனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறவன். காயில் மாற்றும்போது சீட்டைக் கழற்றி மாட்டியதில் ஒயர் விலகிப்போய், வண்டி கொஞ்ச நாள் நல்லபடியாக ஓடியிருக்கிறது. ஒயர் இணைப்பில் டேப்பைப் பிரித்தார். டேப்புக்குள் கறுப்புத் தையல் நூல் சுற்றியிருந்தது. அப்படி நூல் சுற்றிக் கட்டுகிறவர் இந்த ஊரில் ஒரே ஒருவர்தான். ஒயரோடு போன அவர் விரல் பின்விளக்குக்குள் நுழைந்து ஒரு குட்டி சுவிட்சில் போய் நின்றது.

"இந்த வண்டி அப்போ நீலம்" என்றார் மெதுவாக. "சவூதிக்குப் போன ஒருத்தனுக்கு வச்சுக் கொடுத்தேன்."

அவன் சுவிட்சைப் பற்றி மூச்சு விடாமல் விற்றுவிட்டுப் போயிருக்கிறான். கராமா ஓட்டை உடைசல் டப்பாவிலிருந்து பழைய காயிலைத் தேடி எடுத்து மாட்டி உதைத்தார். ஸ்பார்க் நீலமாகப் பளிச்சென்று வெட்டியது. காயிலில் ஒரு குறையும் இல்லை. கராமா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"காயில்னு சொன்னேன், சரி, தப்பாச் சொல்லிட்டேன். தெரிஞ்சேன்னு எதுக்குய்யா சொன்னேன்? அவன் மனசுக்குள்ளயா கையை விட்டுப் பாத்தேன்?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். கூவுகிறவர்கள் நிற்கும் வட்டத்தின் நடுவில் நின்று, "யெஸ்லம் பொய்ச் சத்தியம் பண்ணல. ஒயர் என்னோடது, தப்பு என்னோடது" என்று உரக்கச் சொன்னார். எல்லாரும் சட்டென்று மன்னித்துவிட்டார்கள். "விடுய்யா கராமா, மனுஷன்னா தவறாதா?" என்று தோளில் தட்டினார்கள். அவர்கள் தட்டத் தட்ட கராமா குன்றிப்போனார். ஒருத்தராவது திட்டியிருக்கலாம்.

அங்கிருந்து நேரே யெஸ்லம் வீட்டுக்குப் போனோம். அவர் தெருவாசலில் நின்று முழுவதையும் கேட்டார். கோபப்படவே இல்லை.

"சந்தை கிடக்கட்டும். நாளைக்கே வந்து கூவுன்னு கூப்பிடுவாங்க. உள்ள ஒருத்தி இருக்கா. அவகிட்டச் சொல்லு."

கதவு பாதி சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் அவர் மனைவி ஷம்ஸா நிற்பது எங்களுக்குத் தெரிந்தது. கராமா தரையைப் பார்த்தபடி, சந்தையில் சொன்னதை அப்படியே கதவிடம் சொன்னார்.

"அண்ணே" என்றது குரல். "தெரியாது ஷம்ஸா, சத்தியமாத் தெரியாதுன்னு அவரு என் தலையில கை வச்சுச் சொன்னாரு. நான் கையத் தட்டி விட்டேன். கராமா சொன்னா தப்பா இருக்காது, எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்கன்னு கேட்டேன். அன்னைக்கிலேர்ந்து அவரு வீட்டுல பேசுறதே இல்லண்ணே."

உள்ளே அழுகை கேட்டது. யெஸ்லம் எங்களை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார். போகலாம் என்று நான் கையைப் பிடித்து இழுத்தும் கராமா நகரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.