இருபத்தெட்டு கோரும் ஷகிலாவின் மார்க்கரும்

காலை மணி ஏழு ஐந்து. ஈரோடு சந்திப்பின் நடைமேடையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலடியில், பழைய போர்வையில் சுற்றிய ஒரு கம்ப்யூட்டர். ஒன்பது கிலோ. திருப்பூருக்கு ஐம்பது கிலோமீட்டர், பாசஞ்சர் டிக்கெட் பதினைந்து ரூபாய். பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் விற்றுப் பிழைக்கிறேன். ஆனால் ஒரு கம்ப்யூட்டரைச் சாட்சி சொல்லத் தூக்கிக்கொண்டு போவது இதுதான் முதல் தடவை.

நல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் சண்முகம் என்பவருக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு சர்வர் விற்றேன். ஏதோ பெரிய ஆபீஸ் கழித்துவிட்ட சரக்கு. இரண்டு பிராசசர், மொத்தம் இருபத்தெட்டு கோர், விலை அறுபத்தெட்டாயிரம். நாற்பத்தைந்தாயிரத்துக்குப் புது டெஸ்க்டாப் கிடைக்கும், ஆனால் ஆறே கோர். “கோருங்கறது ஆள் மாதிரிங்க. ஆறு பேர் பாக்கற வேலைய இருபத்தெட்டுப் பேர் பாத்தா எப்படியிருக்கும்?” என்று நான்தான் கேட்டேன். அவர் தையல் மெஷின்களை எண்ணியே கம்பெனியின் பலத்தை அளக்கிற மனிதர். உடனே தலையாட்டிவிட்டார். அங்கிருந்த பழைய டெஸ்க்டாப்பை நான் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டேன்.

முந்தாநாள் அவரிடமிருந்து போன். “மெஷினு நல்லாத்தானுங்க இருக்குது. மார்க்கர் போடற புள்ளதான் ரொம்பச் சுணக்கம். திங்கக்கெழம வேற ஆள் வருது. எதுக்கும் ஒருக்கா வந்து பாத்துப்போட்டுப் போயிருங்க.”

என் மெஷின்மேல் பழி இல்லை என்றதும் நிம்மதியாக இருந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன். கடையில் இருந்த புது டெஸ்க்டாப் ஒன்றைச் சுற்றி எடுத்துக்கொண்டேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டினால் ஆறு தோற்கும், இருபத்தெட்டு ஜெயிக்கும், அப்புறம் என் சர்வரைப் பற்றிப் பேச்சே வராது என்பது என் கணக்கு.

எட்டரை மணிக்குத் திருப்பூர். வடநாட்டுப் பையன்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி, இந்தியில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்கள். என்னால் நடக்கவே முடியவில்லை. ஆட்டோக்காரர் போர்வையைப் பார்த்தார்.

“டிவிங்களா சார்?”

“கம்ப்யூட்டருங்க. நல்லூர் போகோணும்.”

“நூத்தியெம்பது குடுங்க.”

“அஞ்சாறு கிலோமீட்டருக்கா?”

“தூரத்துக்கு இல்லீங்க, நிக்கறதுக்கு” என்றார். சரியாகத்தான் சொன்னார். நாற்பது நிமிடத்தில் பாதி நேரம் நின்றுகொண்டிருந்தோம். குண்டும் குழியும் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டரை மடியில் ஏந்திக்கொண்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

ஒன்பதே கால். கம்பெனி ஒரு சந்துக்குள். ஒரு பக்கம் துணி காயப்போட்ட வீடுகள், மறுபக்கம் தையல் சத்தம். மாடியில் கண்ணாடி போட்ட சின்ன அறையில் ஷகிலா உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். டீசர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றையும் துணியின் அகலத்துக்குள் வீணாகாமல் அடுக்குகிற வரைபடத்துக்குத்தான் மார்க்கர் என்று பெயர். அதை நீளக் காகிதத்தில் அச்செடுத்துத் துணிமேல் விரித்தால்தான் கட்டிங் மாஸ்டர் கத்தி வைக்க முடியும். இது தாமதமானால் கீழே மொத்த வேலையும் நிற்கும். அந்த நிற்றலுக்குத்தான் ஷகிலாவின் பெயர் வைத்திருந்தார்கள்.

அறைக்குள் சர்வரின் விசிறி இரைச்சல் தாங்கவில்லை. இரண்டு மாதமாக இதற்குப் பக்கத்தில் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பத்து நிமிடத்திலேயே தலை வலித்தது.

“என்னம்மிணி, வேலை ஓடுதா?” என்றேன்.

அவர் டிராயரிலிருந்து கிழிந்த மார்க்கர் காகிதத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். ஒரு மார்க்கர் முடிய ஆகும் நேரம் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. பழைய மெஷின், பதினாலு நிமிஷம். புது மெஷின், இருபத்தோரு நிமிஷம். அதற்குக் கீழே பத்துப் பன்னிரண்டு வரிகள், எல்லாம் அதே கதை.

“மொதலாளிகிட்டக் காட்டினீங்களா?”

“காட்டினேனுங்க சார். இருபத்தெட்டு ஆளு இருக்கற மெஷினு எப்படி நிதானமா ஓடும், நீதான் தப்பா அமுக்கறேன்னுட்டாரு. திங்கக்கெழமையிலிருந்து என்னைய செக்கிங் டேபிளுக்குப் போகச் சொல்லிட்டாரு. ஏழு வருசமா இந்தச் சேருல உக்காந்திருக்கேனுங்க.”

இருபத்தெட்டு ஆள் என்பது என் வாய்ச்சொல். நான் போர்வையை அவிழ்த்தேன்.

பன்னிரண்டே முக்கால். மார்க்கர் போடும் சாப்ட்வேரை டெஸ்க்டாப்பில் ஏற்றி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. ஷகிலா கீழே போனார். அறையில் நான் மட்டும். ஒரே மார்க்கரை இரண்டு மெஷினிலும் ஓட்டினேன். சர்வரில் இருபத்தோரு நிமிடம், பத்து விநாடி. டெஸ்க்டாப்பில் எட்டு நிமிடம்.

நம்பாமல் மறுபடி ஓட்டினேன். எட்டேதான். சர்வருக்குள் என்ன நடக்கிறது என்று திறந்து பார்த்தேன். ஒரு கோர் மட்டும் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது, மற்ற இருபத்தேழும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தன. அவர்களிடம் இருந்தது சாப்ட்வேரின் பழைய பதிப்பு. அதற்கு வேலையைப் பங்கு போடத் தெரியாது. சர்வரின் கோர் ஒவ்வொன்றும் மெதுவானது, டெஸ்க்டாப்பினுடையது வேகமானது. பலர் ஒரே சமயத்தில் வேலை கேட்டால் ஈடுகொடுக்கச் செய்த சாமான் சர்வர். விற்பதற்கு முன் இதைப் பார்த்திருக்க வேண்டியவன் நான். பார்க்கவில்லை.

அறையில் யாரும் இல்லை. சாப்ட்வேர் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அந்த எண்ணம் வந்தது, போகவும் இல்லை. அலுப்பில் இருப்பவனுக்குப் பொய்தான் பக்கத்தில் இருக்கிற நாற்காலி. மேசையில் அந்தக் காகிதத் துண்டு கிடந்தது. இரண்டு மாதம் ஒரு மனுஷி பென்சிலும் கையுமாக எழுதிவைத்த உண்மையை யாரும் படிக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. சண்முகத்தைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து இரண்டு திரையையும் பார்த்தார். “ஏனுங்க, ஆறு எப்படீங்க இருபத்தெட்ட ஜெயிக்கும்?”

“ஒரு காலர இருபத்தெட்டு டெய்லர் சேந்து தெக்க முடியுங்களா?”

“அதெப்படீங்க முடியும்? ஒருத்தர்தான் தெப்பாரு.”

“அந்த ஒருத்தரு கை வேகமா இருக்கோணும். இதுல ஆள் நெறையங்க, கை நிதானம். உங்க ஆபீஸ்ல ஏழு பேரும் ஒண்ணாச் சேந்து ஸ்டாக் பாக்கறீங்கள்ல, அதுக்குத்தான் இது லாயக்கு. மார்க்கருக்கு டெஸ்க்டாப்தானுங்க. நான்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்.”

அவர் மேசையில் கிடந்த காகிதத் துண்டை எடுத்துப் பார்த்தார். “அப்ப ரெண்டு மாசமா அந்தப் புள்ளைய நான் திட்டுனதெல்லாம்?” என்று மட்டும் கேட்டார்.

ஷகிலா வந்ததும், சேர் அவருடையதுதான், திங்கட்கிழமை யாரும் வரப்போவதில்லை என்று சண்முகம் சொன்னார். கொண்டுவந்த டெஸ்க்டாப்பை அங்கேயே விட்டுவிடுவதாக நானும் சொன்னேன். முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை.

“இங்க சொன்னாப் பத்தாதுங்க சார். கீழ அத்தன பேரு முன்னாலதான் என்னையச் சுணக்கம்னாங்க. அங்க வந்து சொல்லுங்க” என்றார்.

இருபத்திரண்டு படி. அதற்கப்புறம் கட்டிங் டேபிள் வரை ஒரு நாற்பது அடி. ஈரோட்டிலிருந்து வந்த ஐம்பது கிலோமீட்டரைவிட அதுதான் நீளம். தையல் மெஷின்கள் நின்றன. கட்டிங் மாஸ்டர் மின்கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சொன்னேன்.

“அப்ப மெஷினுதான் சுணக்கமா?” என்றார் அவர்.

“இல்லீங்க, மெஷினும் இல்ல. அம்மிணியும் இல்ல. தெரியாம வித்தவன் நான்.”

ஷகிலா தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுப் படியேறிப் போனார். மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

மூன்று ஐம்பது. திரும்பும் பாசஞ்சரில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கையில் போர்வை மட்டும். பாரம் இறங்கியும் உடம்பு லேசாகவில்லை. இதே மாதிரி சர்வர் ஒன்றை, இதே வாய்ச்சொல்லோடு, விஜயமங்கலத்தில் இன்னொரு கம்பெனிக்கும் விற்றிருந்தேன். போன் போட்டு, மார்க்கர் மெதுவாக வருகிறதா என்று அதன் முதலாளியைக் கேட்டேன்.

“இப்பப் பரவால்லீங்க. முன்னால மார்க்கர் போட்ட புள்ள சரியான சோம்பேறி. போன மாசமே நிறுத்திப்போட்டோமுங்க.”

“ஊடு எங்கீங்க அதுக்கு?”

“ஊத்துக்குளிங்க. ஸ்டேசனுக்குப் பின்னால பால் சொசைட்டிப் பக்கம்னு சொல்லும். ஏனுங்க?”

ரயில் வேகம் குறைந்தது. ஊத்துக்குளி என்ற பலகை ஜன்னலுக்கு நேரே வந்து நின்றது. டிக்கெட் ஈரோடு வரை இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று இடுப்பு கெஞ்சியது. இங்கே ஒரு நிமிடம்தான் நிற்கும்.

“அந்தப் புள்ள பேரு என்னங்க?” என்று கேட்டுக்கொண்டே இறங்கினேன்.