போல்ட்டை இறுக்கியவன்

அடித்தது நான். அடி வாங்கியிருக்க வேண்டியவனும் நான்தான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு தவக்காலத்திலும் ஆவூர்க் கோவிலில் முழங்காலிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். குடித்தேன் சாமி, பொய் சொன்னேன் சாமி என்று சில்லறைப் பாவங்களை எல்லாம் ஒப்பித்துவிட்டு, இதை மட்டும் விழுங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறேன். சாமியாரிடம் சொல்லாததை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை... அவ்வளவுதான் காரணம்.

புதுக்கோட்டை பைபாஸில் எனக்கு ஒரு ஆயில் சர்வீஸ் கடை இருக்கிறது. டீ குடித்து முடிப்பதற்குள் ஆயில் மாற்றித் தரப்படும் என்று போர்டே வைத்திருக்கிறேன். வேகம்தான் என் பிழைப்பு. என் மனைவி பிலோமினாவின் தம்பி அருள்தான் கடையில் எனக்கு வலக்கை. அவன் அதிகம் பேசமாட்டான். வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்தால் வேலை முடிகிறவரை வெளியே வரமாட்டான்.

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகும் ஐஸ் கம்பெனியும் வைத்திருக்கும் முதலாளி ஒருவர் சென்னையில் பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கினார். வாங்கிய வேகத்தில் என் கடைக்குக் கொண்டுவந்தார். அந்த மாதிரி வண்டியை அதற்கு முன் நான் தொட்டதே இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை! என் வாய்க்கு அது வரவில்லை. இவ்வளவு பெரிய வண்டி என் கடையில் நிற்பதை ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்களே என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

பழைய ஆயிலை இறக்கி, அடிப்பக்கத்து போல்ட்டை இறுக்கியது அருள். மேலே பில்டர் மாற்றியது நான். அந்த வண்டியில் பில்டர் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். பில்டர் மாற்றும்போது மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் ரிங்கையும் மாற்ற வேண்டும். எனக்கு அது தெரியாது. முதலாளி டீயை முடித்துவிட்டு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய ரிங்கோடேயே மூடியைத் திருகி அனுப்பிவிட்டேன்.

வண்டி அறந்தாங்கி தாண்டியதும் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. ஆயில் முழுவதும் அந்த மூடி வழியாகக் கசிந்து வெளியேறியிருக்கிறது. வண்டியின் அடியில் இருந்த பிளாஸ்டிக் தட்டு வெகுநேரம் அதை ஏந்திக்கொண்டதால், ஒழுகியது யாருக்கும் தெரியவில்லை.

டிரைவர் போனில் சொன்னதும் மேஜைக்கு ஓடினேன். காலியான பில்டர் பெட்டியை எடுத்துக் கவிழ்த்தேன். புது ரிங் மேஜைமேல் விழுந்தது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வெளியாட்கள் நம் ஆளை அடிக்க வந்தால், நாமே முந்திக்கொண்டு நம் ஆளை இரண்டு அடி அடித்துவிட வேண்டும். வந்தவர்களே பதறிப்போய் நடுவில் விழுந்து தடுப்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். அடிக்கிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும், கையை எவ்வளவு ஓங்கினால் போதும் என்று. பலமுறை பார்த்திருக்கிறேன். வலிக்காத அடி அது.

முதலாளி ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். ஒருவன் கையில் ஐஸ் உடைக்கிற கடப்பாரை. வந்ததும் போர்டை அடித்து நொறுக்கினார்கள். ஆயில் டின்கள் ரோட்டில் உருண்டன. கைவைத்தது எவன் என்று முதலாளி கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்...

நான் அருளைக் காட்டினேன். அடிப்பக்க போல்ட்டை இவன் சரியாக இறுக்கவில்லை என்றேன். சொல்லிக்கொண்டே அவன் கன்னத்தில் அறைந்தேன். வழக்கப்படிதான். அவனும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். இரண்டாவது அறைக்கே முதலாளியின் முகம் இளகத் தொடங்கியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்!

அப்போதுதான் அருள் தலையை நிமிர்த்தினான்.

"நான் நல்லாத்தான் இறுக்குனேன், மச்சான். ஒருவாட்டி வண்டியப் பாத்துட்டுப் பேசுவோமே."

வண்டியைப் பார்த்தால் நான் செத்தேன். என் சட்டைப் பையில் அந்த ரிங் கிடக்கிறது. என்ன வெறி வந்ததோ, காலடியில் கிடந்த வீல் ஸ்பானரை எடுத்து அவன் தலையின் இடப்பக்கம் ஓங்கி அடித்தேன். தேங்காய் உடைகிற சத்தம். விழுந்தவனை விட்டேனா? இல்லை. முதுகில் அடித்தேன். தடுக்க வந்த அவன் கையில் அடித்தேன். "எதுத்தாடா பேசுற" என்று கத்திக் கத்தி அடித்தேன். அவன் காதிலிருந்து வந்த ரத்தம் தரையில் கிடந்த ஆயிலோடு கலந்து ஓடியது. எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியது... ஆம், சந்தோஷம்தான். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. ஒவ்வொரு அடிக்கும் என் தப்பு என்னைவிட்டு அவன்மேல் ஏறிக்கொண்டிருந்தது.

கடப்பாரையோடு வந்தவனே அதைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிப் பிடித்தான். முதலாளி வெளுத்துப்போய் நின்றார்.

"போதும்யா, விடுங்க. செத்துகித்துத் தொலைஞ்சுறப் போறான்."

அவர்கள் வேனில்தான் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். அதன்பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. வண்டியைச் சென்னைக்கு ஏற்றி அனுப்பினார். அங்கே பிரித்துப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரிந்திருக்கும். முதலாளிக்கு அது என் கடையின் தப்பு. அதற்குமேல் யார் கை, எந்தக் கை என்று அவருக்கு என்ன அக்கறை?

அருளின் இடது காது கேட்காமல் போய்விட்டது. சுண்டுவிரல் மடங்குவதில்லை. டாக்டரிடம் டயர் வெடித்தது என்று அவனே சொன்னான்.

அவன் என்னைச் சபித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். கட்டுப்போட்ட தலையோடு படுத்திருந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க அடிக்கலைன்னா அவங்ய என்னையக் கொன்னுருப்பாங்ய. இறுக்குனதாத்தான் மச்சான் ஞாபகம். ஒருவேளை விட்டுட்டேனோ என்னமோ."

பிலோமினா பக்கத்தில் நின்று அழுதாள். தம்பி உயிரைக் காப்பாற்றிய புருஷன் என்று என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன்? "சரி விடு மாப்ள, மனுஷன்னா தப்பு வாரதுதான்" என்றேன். அப்படியே சொன்னேன்! மன்னிக்கிறவனைப் போல!

நான் உடைத்தது காதை மட்டுமா? தன் கையின் மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கையை அல்லவா உடைத்தேன். இப்போதெல்லாம் ஒரு போல்ட்டை இறுக்கிவிட்டு, திரும்பத் திரும்ப வந்து ஸ்பானர் போட்டுப் பார்க்கிறான். இலுப்பூர்ப் பக்கம் அவனுக்குப் பெண் பார்க்கப் போனோம். காதுக்கு என்ன என்று கேட்டார்கள். அவன் ஒளிக்கவில்லை. என் கவனக்குறைவுக்கு எங்க மச்சான் கொடுத்தது, அதனாலதான் இன்னைக்கு உசுரோட இருக்கேன் என்று சபையில் சொன்னான். கவனமில்லாதவனுக்குப் பெண் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. நான் காபியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் சொல்லிவிடுவது என்று துணிந்தேன். கடையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவன் ஒரு வண்டியின் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அருகில் போனேன். அவனுடைய இடப்பக்கம் போய் நின்றேன். தெரிந்தேதான் நின்றேன், அந்தக் கோழைத்தனத்தையும் எழுதிவிடுகிறேன். ரிங்கை மாற்றாதது நான்தான், மாப்ள, நீ ஒரு தப்பும் பண்ணலை என்று மெல்லச் சொன்னேன்.

ஏதோ காற்றுப் பட்டதுபோல அவன் திரும்பினான்.

"ஏதும் சொன்னீங்களா மச்சான்?"

அவன் வலது காதை என் பக்கம் சாய்த்துக்கொண்டு காத்திருந்தான்.

"போல்ட்ட நல்லா இறுக்கிட்டியான்னு கேட்டேன்."

அவன் முகம் சுருங்கிப்போனது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு, அட்டையை விரித்து, மறுபடியும் வண்டிக்கு அடியில் போனான்.