எங்கள் பரங்கிக்காயை நாங்களே ஏலம் கேட்டது

கள்ளிக்குப்பத்தில் எங்கள் சபையில் யாருக்கும் ஒரு சென்ட் வயல் கிடையாது. ஆனாலும் அறுப்பின் பண்டிகை மட்டும் தவறாது. சர்ச் கேட்டில் கரும்பு கட்டுவோம். ஆல்டர் முன்னால் வாழைத்தார், முட்டைக்கோசு, ஸ்டிக்கர்கூட உரிக்காத ஆப்பிள் என்று குவியும். முந்தின நாள் மார்க்கெட்டில் வாங்கியதை முதற்பலன் என்று கர்த்தருக்குப் படைக்க எங்களுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் பந்தலில் வைத்து ஏலம் விடுவார்கள்.

போன வருடம்தான் நிஜமாகவே எங்கள் வீட்டில் விளைந்த ஒன்றைக் கொண்டுபோனேன். மொட்டை மாடியில் உடைந்த டிரம்மில் தானாக முளைத்த பரங்கிக் கொடி, ஒரே ஒரு காய். தினமும் தண்ணீர் ஊற்றியது என் வீட்டுக்காரர். அவரைக் கேட்காமலே பறித்தேன். கேட்பதற்குப் பேச்சுவார்த்தை இருந்தால்தானே? நாங்கள் பேசி இருபது நாள் ஆகியிருந்தது.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினாறு வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்து என் முதுகு போய்விட்டது. வேலையை விட்டுவிட்டு வீட்டு வாசலில் காலை டிபன் கடை போடுகிறேன் என்றேன்.

"மாசம் பொறந்தா வர்ற சம்பளத்த உட்டுட்டு இட்லி விக்கப் போறியா? இன்னா பேசுற நீ?" என்று கத்தினார்.

நான் மட்டும் சும்மா இருப்பவளா? அவர் ஒன்று சொன்னால் நான் ஒன்பது சொன்னேன். அதோடு இரண்டு பேர் வாயும் மூடிக்கொண்டது. அவர் கை கொடுக்காமல் கடை நடக்காது. விடியற்காலையில் தண்ணீர் சுமக்க, அடுப்பு மூட்ட இன்னொரு ஆள் வேண்டும். அதைவிட, ஒருத்தர் முறைத்துக்கொண்டிருக்கும் வீட்டில் என்னால் மனசு நிறைந்து மாவரைக்க முடியாது.

பந்தலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஏலம் விட்டவர் சபைச் செயலாளர், வாய் ஓயாதவர். என் காயை ஐம்பதில் ஆரம்பித்தார். ஐம்பது ரூபாய்க்கு எவனோ தூக்கிக்கொண்டு போவதா என்று எனக்குச் சுருக்கென்றது. நூறு என்றேன். ஆண்கள் பக்கமிருந்து ஓர் ஆட்டோக்காரர் நூற்றைம்பது என்றார். நான் இருநூறு. அந்த மனிதர் விடுவதாக இல்லை. எனக்கு வீம்பு ஏறிவிட்டது. நானூற்றைம்பது என்று நான் சொல்ல, அவர் ஐந்நூறு என்றதும் பந்தலே திரும்பிப் பார்த்தது.

"அண்ணாத்தே, உன் ஊட்டுக்கு எதுக்கு இத்தினி பெரிய காயி?" என்றார் செயலாளர்.

"எனக்கில்லப்பா. இவுரு கூச்சப்பட்டுகினு என்னியக் கேக்கச் சொன்னாரு."

ஆட்டோக்காரர் தன் முதுகுக்குப் பின்னால் நின்றவரை இழுத்து முன்னால் விட்டார். என் வீட்டுக்காரர்!

"அடப்பாவிங்களா, புருசனும் பொஞ்சாதியுமா போட்டி போட்டுகினு கீறீங்க?" என்றார் செயலாளர்.

ஆராதனை நடத்திய ஐயர்கூடச் சிரித்துவிட்டார். செயலாளர் மூன்று தரம் சொல்லிக் காயை எங்கள் தலையிலேயே கட்டினார்.

கேட்டுக்கு வெளியே என் வீட்டுக்காரர் காயைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நம்ம காய நாமளே ஐந்நூறு குடுத்து வாங்கணுமா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா பறிச்சிருப்பனா?"

"நீதான் பேசலியே. மொத நாளு சாம்பாருக்குன்னு வெச்சிருந்தேன்."

"எந்த மொத நாளு?"

"கட தொறக்குற மொத நாளு." என் முகத்தைப் பார்க்காமல் காயை மறு தோளுக்கு மாற்றினார். "இட்லி அவிக்கப் பெரிய குண்டான் ஒண்ணும் பாத்து வெச்சிகீறேன்மே. நீ வந்து பாத்துட்டு சொல்லு."

அன்று ஆராதனையில் ஸ்தோத்திரப் பாட்டை நான் ஒப்புக்குத்தான் பாடியிருந்தேன். கேட்டுக்கு வெளியே, பஸ் ஹாரன் சத்தத்தில், ஸ்தோத்திரம் என்று முழு மனதோடு சொன்னேன். அவர் அதைக் கேட்டாரா தெரியாது. "குண்டான் கடைக்கு இப்பவே போலாமா?" என்றேன்.